அப்பா காரில் வந்த ஞாயிறு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பாவைக் கம்பெனியில் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். ஒரகடத்தில் கார்களுக்குக் கதவு மாட்டும் லைனில் அவருக்கு வேலை. புதிதாக ஓர் இயந்திரம் வரப்போகிறது, அதைப் பழகிக்கொண்டு வர மூன்று மாதம். பென்னலூரில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவர்தான். அந்த மூன்று மாதமும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் வீடியோ கால் வரும். தங்கிய இடத்தில் அவருக்கு ஒரு சைக்கிள் கொடுத்திருந்தார்கள். போனை ஹேண்டில்பாரில் கட்டிவிட்டு ஊரைச் சுற்றுவார், நானும் கூடவே போவேன். கால்வாய், பாலம், மறுபடி கால்வாய். பிள்ளைகளை முன்பக்கப் பெட்டியில் உட்காரவைத்து மிதித்துப் போகும் அம்மாக்கள். கோட்டு போட்ட பெரிய மனிதர்கள்கூடச் சைக்கிளில்தான் போனார்கள்.

"இங்க பாரும்மா, சைக்கிளுக்குன்னே தனி ரோடு கீது. ஒரு லாரிக்காரனும் பின்னால வந்து ஆரன் அடிக்கல," என்பார். வழி தவறினாலும் சிரிப்பார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்கத்தான் அவருக்கு நேரம் இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு சங்கடம். அப்பா அங்கே காரில்தான் போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கம்பெனி வேலை கிடைத்தவன் முதலில் பைக் வாங்குவான், அன்றே சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். சித்தப்பா வேறு, "இன்னா அண்ணி, அவ்ளோ தூரம் பிளேன்ல போயி அண்ணன் சைக்கிளா மிதிச்சிகினு கீறாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். 

அப்பா திரும்புவதற்கு முந்தைய ஞாயிறு, தோழிகள் நாலு பேர் போனில் காரைப் பார்க்க வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். முதல் நாளே போன் போட்டு அழுதேன்.

"நாளைக்கு சைக்கிள்ல வராதப்பா. கார்ல வா. அவளுங்கல்லாம் பாக்க வராளுங்க."

 "சரிம்மா," என்றார் அப்பா.

மறுநாள் போனில் அப்பா ஒரு சிவப்புக் காரின்மேல் கை வைத்து நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தோழிகள் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தி ஓட்டிக் காட்டச் சொன்னாள். "இப்ப ரோட்ல கூட்டமா கீதும்மா," என்றார். அதற்குள் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து கார் கதவைத் திறந்தார். அப்பா சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டியபடி விலகி நின்றார்.

"டிரைவர் வந்துட்டாரு," என்று நான் அவசரமாகச் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நானே பாதி நம்பினேன். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை வைக்க வீட்டில் இடமில்லை.

திரும்பி வந்த மறுநாளே அப்பா காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறினார். அந்த ஞாயிறுகளுக்காக இன்றும் ஏங்குகிறேன். இன்னும் ஒரே ஒரு முறை அவரோடு அந்தக் கால்வாய் ஓரமாகப் போக வேண்டும் போலிருக்கிறது.

அப்போதே பதினோரு வருடமாக லைனில் ஒவ்வொரு காரும் அவர் முன்னால் வந்து நிற்கும், கதவு மாட்டியதும் நகர்ந்து போய்விடும். அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். தோன்றிய பக்கம் சைக்கிளைத் திருப்பிப் போக அவருக்குக் கிடைத்தது பன்னிரண்டு ஞாயிறுகள்தான். அதில் கடைசி ஞாயிற்றிலும் அவரை ஒரு காருக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.