படுத்துப் பார்த்து வாங்கிய கார்

எங்கள் தீவில் பழைய கார் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போகமாட்டான். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். சட்டைப்பையில் டார்ச் இருக்கும். பெயின்ட், சீட், ஏசி எல்லாம் பிறகுதான். முதலில் அட்டையைத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டும். இங்கே உப்புக்காற்றும் மழையும் காரைக் கீழிருந்துதான் தின்கின்றன. மேலே கண்ணாடி மாதிரி மின்னும் காருக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் பொடியாகக் கொட்டும். அதனால் சின்ன வயதிலிருந்தே எங்களுக்கு அப்படித்தான் பார்க்கத் தெரியும்.

நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு கார்களுக்கு அடியில், ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தேன். அவ்வளவு நேரமும் என் மனைவி அங்கேதான் காத்திருந்தாள்.

கார் அவளுக்காகத்தான். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பிறகு நடந்ததில் நானே இதை மறந்துபோனேன்.

எங்கள் வீடு புரோத்ராபூரில். அவள் ஹேடோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. நானும் ஹேடோவில்தான், துறைமுகத்துக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். நான் ஸ்கூட்டரில் போய்விடுவேன். அவள் பஸ்ஸில் டவுன் வரை நின்றுகொண்டு போய், அங்கே இன்னொரு பஸ் மாற வேண்டும். ஐம்பது வயதுக்குள் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் இறங்கும்போது கால் நீட்ட வராது. நிற்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் சொன்னேன், "கார் வாங்கிடலாம். இனிமே நீ பஸ்ல நிக்க வேணாம்." நான் அப்படியெல்லாம் அடித்துச் சொல்கிற ஆள் இல்லை. அவள் என்னையே பார்த்தாள். சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

சின்னக் கார் ஒன்று வாங்கியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் நான் இருபத்திரண்டு வருடமாக ஆள் நடக்கிற வேகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் வரும்போது, மாற்றலாகி வருகிற இளம் அதிகாரிகளின் கார்களும் வரும். அதில் சில வேகக் கார்கள். துறைமேடையில் இறக்கியதும் ஒரு உறுமல், கேட்டைத் தாண்டிவிடும். நான் முன்னால் அரிசி மூட்டைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது போகட்டும் என்று ஒதுங்கி நிற்பேன். இருபத்திரண்டு வருடம் அப்படி ஒதுங்கி நின்றேன். அதே அதிகாரிகள் திரும்ப மாற்றலாகும்போது அந்தக் கார்களை இங்கேயே விற்றுவிட்டுப் போவார்கள். பெட்ரோல் குடிக்கிற வண்டி, ஓட்ட நீளமான சாலையும் கிடையாது, யாரும் சீக்கிரம் வாங்கமாட்டார்கள். சின்னக் காரின் விலைக்கே கிடைக்கும். வீட்டில் இந்த நியாயத்தைத்தான் சொன்னேன்.

அந்த மாதம் ஒரே அதிகாரிகள் குடியிருப்பில் இரண்டு விற்பனைக்கு வந்தன. ஒன்று சிவப்பு. தரையோடு தரையாக இருக்கும். முதல் சொந்தக்காரர் அதை இன்னும் தாழ்த்தியிருந்தார். சீட்டுக்கு இரண்டு பக்கமும் அணை கட்டினதுபோல் உயர்ந்திருக்கும், வளைவில் ஆள் சரியாமல் இருக்க. இன்னொன்று கறுப்பு. உயரமான வண்டி, ஆனால் எஞ்சின் அதற்குச் சளைத்தது இல்லை. மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பார்க்கப் போனவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, அவள் தம்பி, கார் ரிப்பேர் செய்கிற மிஸ்திரி. மிஸ்திரி எங்கள் பக்கத்துத் தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். இங்கேயே பிறந்த தமிழர். அவர் பேச்சில் பாதி இந்திதான்.

முதலில் கறுப்பை ஓட்டினேன். நன்றாக இருந்தது. பிறகு சிவப்பு. கொஞ்ச தூரம் நேராகப் போகிற சாலை ஒன்று இருக்கிறது, அதில் மூன்றாவது கியரில் ஒரு தடவை அழுத்தினேன். எனக்குத் தெரியாமலே வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனன் திரும்பி வந்ததும் இறங்கி ஊரைக் கூட்டினான்.

"அக்கா, இங்க வா! உன் புருஷனுக்குப் பல்லு இருக்கு! முப்பத்திரண்டும் பாத்துட்டேன்!"

"சும்மா இருடா," என்றாள். அவளும் சிரித்தாள்.

"இல்லக்கா, ஸச்சி, நெசமாத்தான்! கல்யாணத்துலகூட இந்த மனுஷன் சிரிக்கல. அத்தான், எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிருங்க."

அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. நான்கு பேர் நடுவில் என்னைப் பற்றிப் பேச்சு வருவதே அபூர்வம்.

அவள் கறுப்பு வண்டியில் ஏறிப் பார்த்திருக்கிறாள். அதை நான் கவனிக்கவில்லை. அப்போது சிவப்புக்கு அடியில் படுத்திருந்தேன். அவள் வந்து நின்றாள். எனக்கு அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வீங்கிய கணுக்கால், செருப்பின் வார் பதிந்த தடம்.

"ஏங்க."

"ம்."

"அந்தக் கறுப்பு வண்டி, நாற்காலில உக்கார்ற மாதிரி இருக்கு. எதையும் பிடிச்சுக்காமலே ஏறிட்டேன். எனக்கு அது தோதா இருக்கு."

"இரு, பாக்குறேன்."

பாதங்கள் கொஞ்சம் நின்றன. பிறகு தம்பி நின்ற மர நிழலுக்குப் போய்விட்டன.

அதன் பிறகு நானும் மிஸ்திரியும் கறுப்புக்கு அடியில் போய்ப் படுத்தோம். இரண்டு பேர் தலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் டார்ச் அடித்து ஒரு இடத்தில் தட்டினார். செதிலாகக் கொட்டியது.

"இங்க ஜங்க் லக் கயா, துரு புடிச்சிருச்சு அண்ணே. டென்ஷன் வேணாம். இந்தத் துண்ட கட் பண்ணி ஒரு ஷீட் வெல்டிங், மேல கோட்டிங். ரெண்டு நாள் வேலை. எஞ்சின் ஏக்தம் பக்கா. அஞ்சு வருஷம் ஆராம்ஸே ஓடும்."

"சிவப்பு?"

"நீச்சே, அடியில எல்லாம் சாஃப், சுத்தம். ஆனா ரொம்பத் தாழ்வு. நம்ம ரோட்டுல அடி வாங்கும். சோச் லோ, யோசிச்சுக்கங்க."

இரண்டையும் தெளிவாகக் கேட்டேன். காது மந்தம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

திரும்பிப் போகும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும். பஸ்ஸில் கூட்டம். அவள் கம்பியைப் பிடித்து நின்றாள். நானும் நின்றேன்.

"மிஸ்திரி என்ன சொன்னாரு?"

"கறுப்புல துரு பிடிச்சிருக்காம். நிக்காதாம்."

"நிக்காதாமா?"

"ரெண்டு மழை தாங்காதாம்."

கடைக்காரனிடம் சில்லறை கேட்கவே எனக்கு வார்த்தை தடுக்கும். அன்று தடுக்கவில்லை.  அவள் எனக்கே ஆறுதல் சொன்னாள். "அப்ப அது வேணாம். சிவப்பே எடுத்துருங்க. கொஞ்ச நாள்ல பழகிடும்."

பழகவில்லை. காரில் ஏறுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். முதுகைக் காட்டித் திரும்பி, கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சாணில் தொப்பென்று விழுவாள். பிறகு புடவையோடு சேர்த்து ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கி உள்ளே வைப்பாள். இறங்கும்போது நான் சுற்றி வந்து இரண்டு கைகளையும் பிடித்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் தொண்டைக்குள் 'அம்மா' என்று ஒரு சத்தம் வரும். பள்ளிக்கூடக் கேட்டுக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்வாள். பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் அவள் சொல்லவில்லை.

அவளை இறக்கிவிட்ட பிறகு நான் நேராகக் கிடங்குக்குப் போகமாட்டேன். நேரம் இருந்தால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவேன். அந்தப் பத்து நிமிடம் நன்றாக இருந்தது என்று எழுத இப்போது கை கூசுகிறது. ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் அடியில் உரசும். நான் தனியாகப் போனால் கொஞ்சமாக, அவளும் இருந்தால் நன்றாகவே. சில நாட்கள் கழித்து, பெரிய மேடு வருவதற்கு முன்னால் அவளே கேட்க ஆரம்பித்தாள்.

"நான் இறங்கிக்கவா? அந்தப் பக்கம் வந்து ஏறிக்கிறேன்."

"வேணாம், உக்காரு."

"என் கனந்தான் இடிக்குது."

இல்லை, வண்டிதான் தாழ்வு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் இரவில் சோற்றைக் குறைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அதையும் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஐந்தாவது மாதம் ஒரு மேட்டில் எதுவோ கிழிந்து தரையில் இழுபட்டது. மிஸ்திரி சாயங்காலம் வீட்டுக்கே வந்து பார்த்தார். அடியில் பூசியிருந்த பூச்சு முழுக்க உரிந்துபோய் இரும்பு வெளியே தெரிந்தது. வாங்கும்போது எது சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்னாரோ, அதே இடத்தில் துரு கண் திறந்திருந்தது. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு இருந்தபோது அவள் டீ கொண்டுவந்தாள்.

"என் கனத்தாலதானே இப்படி ஆச்சு?" என்று அவரிடம் கேட்டாள்.

"அரே நஹி பாபி, உங்களால இல்ல அண்ணி! நாலு பேரு ஏறுனா ஓடத்தானே காடி? இது வண்டி அப்படி. நான் அன்னிக்கே அண்ணன்கிட்ட சொன்னேன், கறுப்ப லே லோ, அதையே எடுங்க, ஒரு வெல்டிங் பண்ணா அஞ்சு வருஷம் ஓடும்னு. அண்ணனுக்குத் தில் இது மேல ஆ கயா, மனசு இதுலயே விழுந்துருச்சு. க்யா கரே?" அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னைக் கேலி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

"வெல்டிங் பண்ணாப் போதும்னா சொன்னீங்க?"

"ரெண்டு நாள் வேலை, பாபி."

"டீ ஆறுது, குடிங்க," என்றாள்.

அவர் குடித்துவிட்டுப் போனார். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, திரும்பாமலே, "ரெண்டு மழைன்னு சொன்னீங்க," என்றாள்.  நான் வாசலிலேயே நின்றேன். நான் வாய் திறக்காததெல்லாம் கூச்சத்தால் என்று இத்தனை வருடம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே அவள் கிளம்பிவிட்டாள். சமையல் முடிந்து, எனக்கு டப்பா கட்டி மேசை மேல் வைத்திருந்தது. வாசலில் கார் நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

சண்டை போட்டிருந்தால் ஒரு வழி பிறந்திருக்கும். அவள் போடவில்லை. என்னோடு எப்போதும்போல் பேசுகிறாள். மார்க்கெட்டில் என்ன மீன் வந்தது, மகளிடமிருந்து போன் வந்ததா, எல்லாம் பேசுவாள். கார் மட்டும் எங்கள் வீட்டில் இல்லாத பொருள்.

விற்றுவிடலாம் என்று பார்த்தேன். வருகிறவர்கள் எல்லோரும் கக்கத்தில் அட்டையோடு வந்தார்கள். விரித்தார்கள், படுத்தார்கள். எழுந்திருக்கும்போதே முகம் மாறியிருக்கும். ஒருவர் நல்ல மனிதர், என் தோளில் தட்டி, "வாங்குறப்போ நீங்க படுத்துப் பாக்கலியா, பாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கறுப்பைக் கராச்சர்மாவில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர் வாங்கினார். மைத்துனன்தான் சொன்னான், "அந்த வண்டி இன்னும் ஜம்முனு ஓடுது அத்தான், பின்னாடி முட்டைக்கோசு மூட்டை போட்டுக்கிட்டு." அவனுக்கு எதுவும் தெரியாது. அக்கா சொல்லியிருக்கமாட்டாள். நான் சொன்ன இரண்டு மழையும் முடிந்துவிட்டன. இது மூன்றாவது மழைக்காலம்.

போன வாரம் காலையில் நல்ல மழை. நான் கிளம்பும்போது அவள் இன்னும் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். பஸ் தாமதம். குடை ஒரு பக்கம் மடங்கியிருந்தது, புடவை முட்டி வரை நனைந்திருந்தது. நான் பக்கத்தில் நிறுத்தி, எட்டி இடது கதவைத் திறந்தேன். அவள் குனிந்து என்னைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தாள்.

"வா. மழை நிக்காது."

"உங்களுக்கு நேரமாவுது. போங்க."

"ஏறு. மெதுவா ஏறு."

"பஸ் வந்துருச்சு," என்றாள்.

உண்மையாகவே வந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் காரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் குடையை மடக்கி, கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்து, சற்று நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த காலை வைத்தாள். கறுப்பு வண்டியில் அவள் எதையும் பிடிக்காமலே ஏறியிருந்தாள். மேலே நின்ற கண்டக்டர் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

எட்டிப் பிடித்துக் கதவைச் சாத்தினேன். சீட் நனைந்திருந்தது. பஸ் என்னைத் தாண்டிப் போனது. பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களில் அவள் புடவையின் நிறம் தெரிந்தது. நான் பின்னாலேயே போனேன். தாண்டிப் போக இரண்டு இடத்தில் வழி கிடைத்தது. போகவில்லை. டவுன் வரை இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தேன், ஃபோர்க்லிஃப்டில் வருவதுபோல. டவுனில் அவள் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்காக வரிசையில் போய் நின்றாள்.