தூக்க டீச்சர்

பாடம் நடத்திப் பிள்ளைகளைத் தூங்கவைப்பது எல்லா ஆசிரியருக்கும் கைவந்த கலை. பாடம் நடத்தாமல் தூங்கவைக்கத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. அறுபதுகளின் நடுவில், தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் சுகாதாரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி தூக்கம் வராத பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கவனிப்பதற்காக என்னை ஆறு சனிக்கிழமை ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மாத்திரை வேண்டாம், பழக்கத்தை மாற்றினால் தூக்கம் தானாக வரும் என்று சீமையில் படித்த டாக்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளோடு மாரடிக்கும் சக வாத்தியார்களே, அதன்பின் நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ஹெட்மாஸ்டரின் ஆதரவு

ஹெட்மாஸ்டருக்கும் எனக்கும் மாட்டுங்காவில் அடுத்தடுத்த கட்டிடம். காலையில் ஒரே பஸ்ஸில்தான் வருவோம்; பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் அவருக்கு என்னைத் தெரியாது. தூங்காத பிள்ளைகளிடம் தனியாகப் பேச ஓர் அறை வேண்டும் என்றேன். கிழிந்த மேப்புகள் கிடந்த அறையின் சாவியைக் கொடுத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "ஏம்மா, நம்ம ஸ்கூல்ல தூங்கறதா கஷ்டம்? முழிச்சிண்டிருக்கறதுன்னா கஷ்டம்! சந்தேகம்னா ஸ்டாஃப் ரூமைப் போய்ப் பாருங்கோ."

நோட்டு

எப்போது படுத்தார்கள், எப்போது தூங்கினார்கள், எப்போது எழுந்தார்கள் என்று பிள்ளைகள் தினமும் நோட்டில் எழுதிவர வேண்டும். டாக்டரின் முதல் விதி அது. பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், எட்டு நோட்டில் ஒரே நேரம். எட்டுப் பேரையும் எழுப்பிய பூனைகூட ஒரே பூனை.

யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று விசாரித்ததில் பத்தாம் வகுப்பு செல்வராஜ் மாட்டினான். தூக்கத்தைக்கூடவா காப்பியடிக்கக் கொடுப்பாய் என்று கத்தினேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க செவப்பு மையில டிக் போடுதீங்கல்லா டீச்சர்? அப்ப சரியான விடைன்னு ஒண்ணு இருக்கும்லா?"

வேறு அறை

இசக்கியம்மாள் எஸ்.எஸ்.சி. எழுத வேண்டிய பெண். கணக்கில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தவள், இரண்டு மாதமாகக் காலை வகுப்பில் தலை தொங்க உட்கார்ந்திருந்தாள். அவள் நோட்டு அவளே எழுதியது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே "ஒறங்கல" என்று இருந்தது.

தூக்கம் வராவிட்டால் படுத்துப் புரளக் கூடாது, எழுந்து வேறு அறையில் போய் உட்கார வேண்டும், கண் சொக்கியபின் திரும்பி வந்து படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை ஒப்பித்தேன். அழகான கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "எந்த ரூமுக்கு டீச்சர்? எங்களுக்கு இருக்கதே கோலின்னு ஒரே ஒரு ரூமு, ஏழு பேரு படுக்கோம். நான் எந்திரிச்சா எடத்துல தம்பி காலை நீட்டிருவான். பெறகு ஒறக்கம் வந்தாலும் நின்னுக்கிட்டுத்தான் ஒறங்கணும்."

அப்பாவின் வைத்தியம்

அவள் அப்பா சுடலைமுத்துவை வரச் சொன்னேன். தோல் கிடங்கில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "பதினாறு வயசுப் பொட்டப்புள்ளைக்கு ஒறக்கம் வரலன்னா என்ன சீக்குன்னு எங்களுக்குத் தெரியும் டீச்சரம்மா. ஆண்டாப் ஹில்லுல மாப்பிள்ளை பாத்திருக்கேன். கலியாணத்தை முடிச்சா ஒறங்கிருவா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமானவர்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறார்களா, உங்கள் வீட்டுக்காரம்மா தூங்குகிறாரா என்று கேட்டேன். மனிதர் நேர்மையாக யோசித்துப் பார்த்துச் சொன்னார்: "ஒறங்குவா. நான் ராத்பாளின்னு ராத்திரி வேலைக்குப் போற அன்னைக்கு."

காவல்

மறுநாள் இசக்கியிடம், கல்யாணப் பேச்சு உனக்குத் தெரியுமா என்றேன். மேப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். விளக்கை அணைத்து, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தபின்தான் அப்பாவும் அம்மாவும் அதைப் பேசுவார்களாம். மாப்பிள்ளை பேர், அவன் வேலை, பரீட்சைக்கு முன்னாலேயே படிப்பை நிறுத்துவது, எல்லாம் அவள் இருட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

மூன்று வாரமாக நான் அவளுக்குக் கைகாலைத் தளர்த்தவும் மூச்சை எண்ணவும் கற்றுக்கொடுத்திருந்தேன். சொன்னபடி செய்திருக்கிறாள், காதை மட்டும் தளர்த்தவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஒறங்கிட்டா அன்னைக்குப் பாத்து நாள் குறிச்சிருவாங்க, டீச்சர்."

பகல் பேச்சு

சுடலைமுத்துவை மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை இசக்கியையும் பக்கத்தில் நிறுத்தினேன். படுத்தபின் கல்யாணப் பேச்சு கூடாது, முடிவு எதுவானாலும் பகலில் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். துணைக்கு வந்த ஹெட்மாஸ்டர், பரீட்சைக்குமுன் பெண்ணை நிறுத்தினால் சர்க்காருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இல்லாத சட்டம் ஒன்றை முகம் மாறாமல் எடுத்துவிட்டார். பயத்தில் நானே நம்பினேன்.

"படிக்கணும்னா என்ட்ட கேட்டிருக்கலாம்லா?" என்றார் சுடலைமுத்து மகளிடம்.

"என்ட்ட யாருப்பா கேட்டா?" என்றாள் அவள்.

ரொம்ப நேரம் சட்டத்தையும் மகளையும் மாறி மாறி யோசித்தார். பரீட்சை எழுதட்டும், அதுவரை பேச்சில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தே நாளில் இசக்கியின் நோட்டில் "ஒறங்கினேன்" வந்தது. பரீட்சையும் தேறினாள். எந்தப் பயிற்சியால் குணமானது என்று டாக்டர் ஆவலாகக் கேட்டார். எல்லாப் பெருமையும் மூச்சை எண்ணியதற்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் சுடலைமுத்துவைப் பார்த்தேன், கண் சிவந்திருந்தது. "அவ நல்லா ஒறங்குதா டீச்சரம்மா. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்லன்னு இப்ப நாந்தான் முழிச்சுக் கெடக்கேன்."

பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சீமையிலிருந்து எத்தனையோ வழி வந்துவிட்டது. பெற்றவர்களைப் பகலில் பேசவைக்கத்தான் இன்னும் ஒருவரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.