பியானோவுல ஒடைஞ்ச முட்டை

அதாண்டி செல்வி, எம் மருமவ மேரி வூட்டுல பியானோ கிளாஸ் எடுக்குறாளே, அவளுக்குப் புதுசா ஒரு ஐடியா. புள்ளைங்க கை வளைஞ்சு நிக்கணும்னு உள்ளங்கைக்கு அடியில அவிச்ச முட்டைய வெச்சு வாசிக்க வுட்டா. அதுல அழுவுன பச்ச முட்டை ஒண்ணு கலந்துபோச்சு. அது ஒடைஞ்சு பியானோ கட்டைங்க சந்துல எறங்கி, வூடே நாறுது. இப்பத்தான் புள்ளைங்க எல்லாம் மூக்கப் புடிச்சுக்கினு ஓடுச்சுங்க.

ஐயே, அன்னிக்கும் இப்படித்தான்டி நாறுச்சு! நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப, வல்லத்துல எங்க நைனா சர்ச்சு பெருக்குவாரு. அங்க டீச்சரம்மா ஆர்மோனியம் சொல்லித் தருவாங்க. பள்ளிக்கூடம் போற புள்ளைங்களுக்கு மட்டுந்தான். நான் தூணோரம் நின்னு பாக்குறதோட சரி. ஒருநாள் ஆர்மோனியப் பொட்டியில சத்தமே வரல. டீச்சரம்மா தொறந்து கைய வுட்டா, புழு நெளியுற செத்த எலி! உவ்வே! அத வெளிய வீசிட்டு அவங்களும் ஓடுனாங்க, புள்ளைங்களும் வாந்தியெடுத்துக்கினே ஓடுச்சுங்க. நான் போய் ஒக்காந்து ஆச தீர அழுத்துனேன்.

நைனா வந்து, "இன்னாடி, ஒனக்கு நாத்தம் தெரியலையா?"ன்னாரு. எனக்கு எங்க தெரிஞ்சுது!

மேரி பஜாருக்குப் போயிருக்குறா, வர நேரமாவும். நீ போடி, நான் ஈரத்துணி எடுத்துக்கினு உள்ள போறேன். ஒவ்வொரு கட்டையா நல்லா அழுத்தி அழுத்தித் தொடைக்கணும்.