சேலம் டு கொமரலிங்கம்: காதர்பேட்டையில் மீட்டர் நின்ற கதை

தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் முதல் நாள் மாலை இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தவள் செய்ய வேண்டிய சீர் அது. அவனுக்கு நான் ஒரே அக்கா. மாலை ஆறு மணிக்குக் கொமரலிங்கம் மண்டபத்தில் நான் இல்லாவிட்டால் எதுவும் நகராது. அப்படிப்பட்ட நாளில்தான் முதன்முறையாகத் தனியாக அவ்வளவு தூரம் கார் ஓட்டிப் போவேன் என்று அடம்பிடித்தேன். வீட்டுக்காரர் "டிரைவர் வெச்சுக்க" என்று மூன்று நாள் சொன்னார்; நான் நான்கு நாள் மறுத்தேன். என் மாமியாரோ, கிளம்புவதற்கு முந்தின நாள் ஆள் பிடித்து, டேஷ்போர்டில் விளக்கு எரியும் குட்டி முருகனைப் பொருத்திவிட்டார்.

சனிக்கிழமை காலை 8:40க்குச் சேலத்தில் கிளம்பினேன். பெருந்துறை, ஊத்துக்குளி வழியாகத் திருப்பூர் 118 கிலோமீட்டர். ஊத்துக்குளி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வேகம் காட்டும் மீட்டர் டிஸ்ப்ளே ஒரு நொடி அணைந்து எரிந்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். கவனித்தால் பயப்பட வேண்டியிருக்குமே.

திருப்பூரில், பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டையில் ஒரு வேலை இருந்தது. தம்பியின் சிநேகிதர்கள் கல்யாணத்துக்கு ஒரே மாதிரி போட நாற்பது டி-ஷர்ட், ஒன்று 165 ரூபாய். வாங்கி டிக்கியில் அடுக்கிவிட்டு 12:50க்கு வண்டியைக் கிளப்பினால் கிளம்பவில்லை. டிஸ்ப்ளே எரிகிறது, ஆனால் வேகம், பெட்ரோல் எல்லா இடத்திலும் வெறும் கோடு. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். டிஸ்ப்ளே மாட்யூல் போயிருக்கும், மாற்ற 38,000 ஆகும், திங்கட்கிழமை இழுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

டாக்சி பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் மண்டபத்தில் டாக்சியிலிருந்து இறங்கினால், ஆயுசுக்கும் எனக்கு டிரைவர்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றரை வரை பார்ப்பது, பிறகு டாக்சி என்று முடிவு செய்தேன்.

டி-ஷர்ட் கடைக்காரர் ரேவதி எட்டிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, வண்டி கெளம்பலீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க நிட்டிங் மெஷின் ஸ்கிரீனும் இப்பிடித்தானுங்க, கோடு கோடா நின்னுக்கும். தனபாலண்ணன் வந்துதான் எழுப்பி உடுவாரு. காரும் பாப்பாரான்னு கேக்கட்டுங்களா?"

தனபால் 1:40க்கு வந்தார். கையில் ஒயரை அளக்கும் மீட்டர் பெட்டியும், காற்று ஊதும் பிளோயரும். வந்ததும் டேஷ்போர்டு இடுக்கெல்லாம் காற்றடித்தார். பனியன் கம்பெனிகளில் எது நின்றாலும் முதலில் பஞ்சைத்தான் ஊதுவார்களாம். என் காரில் பஞ்சு ஏது? பிஸ்கெட் தூள்தான் பறந்தது.

பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் மீட்டர் முனைகளை வைத்தார். "அறுபது ஓம் காட்டோணுங்க. நூத்தியிருபது காட்டுது. டிஸ்ப்ளே கெடலீங்க. வண்டில இருக்கற மத்த கம்ப்யூட்டருங்க சொல்றது இதுக்குப் போய்ச் சேரல. எங்கியோ ஒயரு அத்துருக்குது, அதான் வண்டியும் கெளம்பல."

டிஸ்ப்ளேயைக் கழற்றினார். பின்னால் முறுக்கிய இரண்டு ஒயர்கள். அதில் ஒன்றின் மேல் நீலநிறக் கிளிப் கவ்வியிருந்தது. கிளிப்பிலிருந்து போன ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே மேலே வந்தார். அது நேராக முருகன் காலடியில் போய் முடிந்தது.

"விளக்குக்குக் கரண்ட் எடுக்கறேன்னு பக்கத்துல சேதி போற ஒயரையும் சேத்துக் கவ்வி வெச்சிருக்காங்க. ஒத்த நரம்புல ஓடிட்டு இருந்துருக்குதுங்க. குலுங்குனதுல அதும் போச்சு."

நான் முருகனைப் பார்த்தேன். அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத எடுத்தரட்டுங்களா?"

மாமியார் முகம் நினைவுக்கு வந்தது. "இல்லீங்க. அவரு இருக்கட்டும். கரண்ட மட்டும் வேற எடத்துல குடுங்க."

கிளிப்பை எடுத்து, அறுந்ததைச் சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, இரண்டையும் பழையபடி முறுக்கினார். மீண்டும் மீட்டர் வைத்தார். அறுபது. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் எல்லாக் கோடுகளும் எண்களாகின, வண்டியும் கிளம்பியது. அப்போது மணி 3:05. கூலி 600 ரூபாய்.

பல்லடம், உடுமலை வழியாக 84 கிலோமீட்டர், 5:25க்கு மண்டபம். தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். வண்டியை நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிம்மதி.

இதே வழியில் போகிறவர்களுக்கு: சனிக்கிழமைக் கூட்டத்தில் காதர்பேட்டைக்குள் காரோடு போகாதீர்கள், வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். டிஸ்ப்ளே எரிந்து எண்கள் மட்டும் வராவிட்டால், மாட்யூலை மாற்றச் சம்மதிக்கும் முன் ஒயரை அளக்கச் சொல்லுங்கள். சமீபத்தில் விளக்கோ கேமராவோ மாட்டியிருந்தால் அதிலிருந்தே ஆரம்பியுங்கள். முக்கியமாக, ஒரு நொடி அணைந்தால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள். பயத்தைத் தள்ளிப்போட்டது என் தப்புதான்.

மறுநாள் கல்யாணத்துக்கு வீட்டுக்காரரும் மாமியாரும் பஸ்ஸில் வந்தார்கள். திரும்பும்போது மூவரும் காரில்தான். மாமியார் பின்சீட்டில் ஏறியதும் முதலில் முருகனைத்தான் பார்த்தார்.

"பாத்தியா கண்ணு, பத்தரமாக் கொண்டாந்து சேத்துட்டாரு."

"ஆமாங்கத்தை" என்றேன்.

வீட்டுக்காரர் பழக்கத்தில் சாவிக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.