கீறல் படாமல் ஏற்றச் சொன்னவர்

ரூபி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் முடிச்சூர் சாலையில், கொட்டும் மழையில், ஒரு மாணவிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் நான். வகுப்பு நேரத்தில் யார் அழைத்தாலும் போனை எடுப்பதில்லை. அன்று எங்கள் தெருவில் மீன் விற்கும் பாபு விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, நம்ம ரூபியக்கா பூட்டாங்கக்கா. காலைல பல்லு வெளக்கிகினு இருந்தவங்க அப்டியே சரிஞ்சுட்டாங்க. டாக்டரு வந்து பாத்துட்டு, உசுரு இல்லன்னுட்டாரு."

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். என்ன ஆயிற்று மேடம் என்று அந்தப் பெண் கேட்டாள். "எங்க தெருப் படகைப் பார்த்துக்கிறவங்க இறந்துட்டாங்க" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

முடிச்சூரில் ஒரு தெருவுக்குப் படகு எதற்கு என்று கேட்பவர்கள் அந்தப் பெருவெள்ளத்தின்போது இங்கே இல்லாதவர்கள். ரூபி அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் ஜெயராஜ் சாருக்குச் சிறுநீரகம் பழுது. செவ்வாய், வியாழன், சனி என்று நாள் தவறாமல் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். அந்த வெள்ளத்தில் சாரை மொட்டை மாடியில் உட்காரவைத்துவிட்டு யாராவது படகு அனுப்புவார்கள் என்று அக்கா காத்திருந்தார். படகு வந்தபோது சாருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பிழைத்ததே பெரிது.

தண்ணீர் வடிந்து நாங்கள் வீட்டுக்குள் சேற்றை வாரிக்கொண்டிருந்தபோதே அக்கா சொல்லிவிட்டார். "இனிமே யாரோட படகுக்கும் காத்திருக்க மாட்டேன் கல்பனா. நம்ம தெருவுக்குன்னு ஒண்ணு வாங்கிடலாம்."

எல்லாரும் சிரித்தோம். அக்கா வாங்கிவிட்டார். பாபுவின் சொந்தக்காரர்கள் கோவளத்தில் கடலுக்குப் போகிறவர்கள். அவர்களிடமிருந்து ஒரு பழைய பைபர் படகு வந்தது. அதை ஏற்றி இழுக்க ஒரு டிரெய்லர். டிரெய்லரை இழுக்க என் ஜீப். மூன்றும் தெருமுனைக் காலி மனையில் நின்றன. போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்களைக் கேலி செய்தார்கள்.

அடுத்த மழைக்குக் கேலி நின்றது. தெரு மூழ்கியதும் படகை இறக்கி, சாரை முதலில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம். பிறகு கேட்டவர்களையெல்லாம் ஏற்றிப் போனோம். எல்லாம் முடிந்து படகை மறுபடி டிரெய்லரில் ஏற்றும் நேரம் வந்தபோது, நன்றிக்கடன் பட்ட தெரு மொத்தமும் உதவிக்கு வந்துவிட்டது. ஜீப்பைத் தண்ணீரில் இறக்க எனக்கு மனமில்லை. கரையிலேயே நிறுத்திவிட்டேன். பாபு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கடலாண்ட எம்மாம் பெரிய போட்ட இஸ்துகினு வர்றோம். இது இன்னா, சுண்டைக்கா. எல்லாரும் ஒண்ணா கைய குடுங்கபா."

ஐலசா போட்டு இழுத்தோம். படகு மேலே ஏறியது. கைதட்டினோம், யாரோ தேங்காய்கூட உடைத்தார்கள். கடற்கரையில் படகுக்கு அடியில் மணல் இருக்கும். இங்கே டிரெய்லரின் குறுக்கு இரும்பு இருந்தது. குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கடுத்த மழையில் தெருவின் பாதித் தூரம் போயிருப்போம். ஜெயராஜ் சார் மெதுவாகச் சொன்னார்: "ரூபி, என் கால் நனையுது."

அடிப்பாகத்தில் விரிசல். சாரைக் கைத்தாங்கலாகப் பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் ஏற்றினோம். அன்றைக்கு டயாலிசிஸ் தவறியது. மறுநாள் டிராக்டர் பிடித்துக் கொண்டுபோனபோது அவர் முகமெல்லாம் வீங்கியிருந்தது. சார் வீடு திரும்பும் வரை அக்கா ஆஸ்பத்திரியிலேயே இருந்தார்.

சார் திரும்பிய அன்று மாலை அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு அடியில், சேற்றில், புடவையோடு மல்லாந்து படுத்துவிட்டார். படகின் வயிற்றைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். எழுந்து வந்து சொன்னார்: "தண்ணியில போறப்ப ஒண்ணும் ஆகல. ஏத்துறப்பதான் கிழிச்சிருக்கோம். எல்லாருமா சேர்ந்து, ரொம்ப அன்பா."

அதன்பிறகு அக்காவின் கெடுபிடி ஆரம்பித்தது. பாபு ஆள் கூட்டி வந்து விரிசலை அடைத்துக்கொடுத்தார். அக்கா கல்யாண மண்டபத்திலிருந்து பழைய சிவப்புக் கம்பளம் வாங்கிவந்து, டிரெய்லரில் படகு உட்காரும் கட்டைகளில் சுற்றி ஆணியடித்தார். ஆணித்தலை வெளியே தெரியாமல் பக்கவாட்டில்தான் அடிக்க வேண்டும். கம்பளத்தில் மணலோ கல்லோ ஒட்டியிருந்தால் கழுவிய பிறகுதான் படகு. படகின் பின்னாலுள்ள மோட்டார் தரையில் இடிக்காதபடி முதலிலேயே தூக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் கயிறு பிடித்து மூக்கை நேராக வைத்தபின்தான் டிரெய்லரின் முன்னாலிருக்கும் கைப்பிடியைச் சுழற்றிக் கயிற்றை இறுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, படகை டிரெய்லருக்கு இழுத்து வரக் கூடாது. டிரெய்லர்தான் படகுக்கு அடியில் போக வேண்டும். சக்கரம் முழுசாக முங்கினால் படகு தானாக மிதந்து வந்து உட்காரும்.

இதில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. "அவ்வளவு ஆழத்துக்கு ரிவர்ஸ் எடுத்தா சைலன்சர்ல தண்ணி போயிடும், யார் பார்ப்பாங்க?" என்று கத்தினேன்.

"ஜீப் நனைஞ்சா மெக்கானிக் இருக்கான் கல்பனா. நடுத்தண்ணியில இவர் நனைஞ்சா எனக்கு யார் இருக்கா?"

ஜீப்பில் ஏறி ரிவர்ஸ் எடுத்தேன்.

மாதா மாதம் ஏரிக்கரைச் சரிவில் எங்களுக்குப் பயிற்சி. சர்ச் முடிந்து அதே பட்டுப்புடவையோடு வந்து நிற்பார். அவர் விதித்த பெரிய சட்டம், ஏற்றும்போது ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும் என்பது. எல்லாரும் எனக்கு வழி சொன்னால் நான் யார் பேச்சைக் கேட்பது? ஊரையே தொலைபேசியில் இணைத்துவிட்ட குரல் அது, கத்தாமலே காதுக்கு வந்து சேரும். "இன்னும் உள்ளே, கல்பனா. வீல் தெரியக் கூடாது." பத்துப் பேருக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கிற எனக்கே ரிவர்ஸ் சொன்ன ஒரே ஆள் அவர்தான். எரிச்சலாக வரும். ஆனால் அந்தக் குரலுக்குப் பிறகு எங்கள் படகில் ஒரு கீறலும் விழவில்லை. எத்தனையோ மழையில் சாரை நேரத்துக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்விட்டோம்.

அக்காவை அடக்கம் செய்த திங்கட்கிழமையும் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பெட்டியைப் படகில்தான் கொண்டுபோனோம். பாபு அழுதுகொண்டே துடுப்புப் போட்டார். மோட்டார் சத்தம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது மாலையாகியிருந்தது. எல்லாரும் நனைந்து ஓய்ந்திருந்தோம். தண்ணீர் வடிய ஆரம்பித்திருந்ததால், படகை அப்படியே விட்டால் கல்லில் தட்டி உட்கார்ந்துவிடும். யாரோ சொன்னார்கள், இன்னிக்கு ஒரு நாள் எல்லாருமா இழுத்துப் போட்டுட்டுப் போலாம் என்று. இரண்டு மூன்று பேர் கையும் வைத்துவிட்டார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றார் பாபு. "நாளைக்கு செவ்வாக்கெயம. சாரு போவணும்."

கைகள் விலகின. நான் கம்பளத்தைக் கழுவிவிட்டு ஜீப்பில் ஏறி ரிவர்ஸ் போட்டேன். டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்கியது. பழக்கத்தில் குரலுக்காகக் காத்திருந்தேன். அத்தனை பேர் நின்றிருந்தும் ஒரு சத்தம் இல்லை. அங்கேயே பிரேக்கை மிதித்து நின்றுவிட்டேன்.

முனை வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஜெயராஜ் சாரை உட்காரவைத்திருந்தார்கள். மெலிந்த குரலில் அவர் சொன்னார்:

"இன்னும் உள்ளே, கல்பனா. வீல் தெரியக் கூடாது."

உள்ளே போனேன். சக்கரம் முங்கியது. படகு தானாக மிதந்து வந்து சிவப்புக் கம்பளத்தில் உட்கார்ந்தது.

ரூபி அக்கா, டிரெய்லரைக் கரையேற்றியதும் உங்களைப் போலவே நானும் சேற்றில் படுத்துக் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. செவ்வாய்க்கிழமை, தெருவில் மீதமிருந்த தண்ணீரில் சாரைப் படகில் கூட்டிக்கொண்டு போனோம். மெயின் ரோட்டில் இறங்கும்போது குனிந்து தன் செருப்பைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்தே இருந்தது. வியாழக்கிழமையும் போவோம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.