சவுரியம்மாள் பெண் தேடுகிறார்

பேருந்தில் பக்கத்தில் வந்து உட்காரும் பெண்ணிடம் சவுரியம்மாள் ஊர், பேர் கேட்பதில்லை. "எத்தினி புள்ளம்மா? நிறுத்திட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் ஆயா வேலை. வார்டு கூட்டியதைவிடக் கருத்தடைக்கு ஆள் சேர்த்ததில்தான் அவர் காலம் போனது. மல்லாட்டைச் செடி பிடுங்கும் கொல்லையிலும் விடமாட்டார். சாவு வீட்டில்கூட, அழுது ஓய்ந்தவளாகப் பார்த்து அருகே போய் உட்கார்ந்துகொள்வார். "ஒண்ணு பெத்தவ ராணி. ரெண்டு பெத்தவ வேலைக்காரி. மூணு பெத்தவள நானே வந்து பாக்கணும்" என்பார். ஊருக்கு மட்டும் உபதேசம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மகன் அலெக்ஸ் பிறந்த கையோடு, ஊரில் முதல் ஆளாக ஆபரேஷனுக்குப் படுத்தவரே அவர்தான்.

அந்த அலெக்ஸ் இப்போது திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். முன்தலை வழுக்கை விழத் தொடங்கிவிட்டது, பெண்தான் அமையவில்லை. சவுரியம்மாள் ஏறி இறங்காத வீடில்லை. முதலில் ஆண் பிறந்த வீட்டில் எல்லாம் அதோடு நிறுத்தியிருந்தார்கள், அவர் சொல்லித்தான். மயிலத்தில் பெண் கேட்டுப் போன வீட்டுக்காரர்கள், தங்கள் பையனுக்குப் பெண் இருந்தால் சொல்லும்படி அவரிடமே கேட்டு அனுப்பினார்கள்.

இதற்கிடையில் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மேடையில் கட்சித் தலைவர் ஒருவர், ஜனத்தொகை குறைந்தால் டெல்லியில் நமக்கு எம்.பி. குறையும், மணமக்கள் தாமதிக்காமல் நிறையப் பெறவேண்டும் என்று வாழ்த்தினார். மறுநாள் சவுரியம்மாள் டாக்டரிடம் போய் நின்றார். "சார், அப்ப நானு அந்த வூட்டுங்களுக்கெல்லாம் திரும்பப் போயி பெத்துக்கச் சொல்லணுமா?" சர்க்குலர் வரட்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

போன ஞாயிறு, கெடாரில் ஆரோக்கியசெல்வி வீட்டில் ஒரு பெண் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பூவும் பழமுமாகப் போனார். போன பிறகுதான் தெரிந்தது, அவள் அந்த வீட்டு மருமகள். ஆரோக்கியசெல்வி சிரிக்கவில்லை. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்:

"ரெண்டாவதா ஒரு பொண்ணு பொறந்திருந்தா கண்ண மூடிக்கினு உன் புள்ளைக்குத்தாங்கா குடுத்திருப்பேன். நீதான் என்ன ஆபரேசனுக்கு ஜீப்புல ஏத்திக்கினு போயிட்டியே."

சவுரியம்மாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, கொண்டுவந்த பூ, பழத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மருமகள், இடுப்பில் பெண்குழந்தையோடு வந்து பக்கத்தில் குந்தினாள். மாமியார் காதில் விழாதபடி, "ஆயா, எனக்கு இத்தோட போதும். எப்ப வந்தா ஆபரேசன் பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

சவுரியம்மாள் காதில் விழாததுபோலத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, நிதானமாக உரித்து, குழந்தையின் கையில் கொடுத்தார்.