தனி டம்ளர்

தொண்ணூறுகளில், பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தம்பி வீட்டில் தங்கி மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டேன். வந்ததுமே தம்பி மனைவி செல்வி எனக்குத் தனி டம்ளர் வைத்தாள். பிள்ளைகளை என் பக்கமே விடவில்லை. அவள் சிரிப்பைக்கூட நான் நம்பவில்லை. ஒருநாள் வெடித்துவிட்டேன்.

“மார்ல இருந்து அக்குளுக்கு வந்துடுச்சு. இனி ரத்தத்துல ஏறி ஈரலுக்கும் போகலாம். எல்லாம் என் உடம்புக்குள்ளதான் செல்வி, எச்சில்ல உனக்கு வராது!”

கொதிக்கும் தண்ணீரிலிருந்து என் டம்ளரை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அது தெரியும்க்கா. கீமோவுல உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இருக்காதாம். புள்ளைங்க சளி உங்களுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நீங்க பயந்துக்குவீங்கன்னு சொல்லல.”

கட்டி அக்குளுக்குப் போக எத்தனை மாதமாயிற்றோ, தெரியாது. என் சந்தேகம் ஒரே வாரத்தில் உடம்பெல்லாம் பரவியிருந்தது.